வரைபடத்தில் உள்ள ‘லோஜியா’ பால்கனியா?

கேள்வி: எங்கள் வீட்டு வரைபடத்தில், முதல் மாடி முகப்பில் ‘லோஜியா’ என்று குறித்திருக்கிறார்கள். இது பால்கனிக்கு மற்றொரு பெயரா? இச்சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: இரண்டும் வேறு. பால்கனி சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும். லோஜியாவோ கட்டடத்தின் உடலுக்குள்ளேயே அமைந்து, மேலே கூரை பெற்று, ஒரு புறமேனும் தூண்களாலோ வளைவுகளாலோ வெளியை நோக்கித் திறந்திருக்கும் கூடம். உங்கள் வரைபடத்தில் தரையின் வெளி விளிம்பு முகப்புச் சுவரின் கோட்டோடு ஒன்றியிருந்தால், குறிப்பு சரியானதே. வாசலுக்கு முன் தூண்களோடு நிற்கும் போர்டிகோவோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாடி லோஜியாவுக்குள் வீட்டினுள்ளிருந்தே செல்வோம்.

சொல் இத்தாலிய மொழியினது. பழைய பிரெஞ்சின் ‘லோஜ்’ வழியாக அங்கு சென்ற இதன் வேர், தங்கும் குடிலைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லாகும். ஆங்கிலத்தின் ‘லாட்ஜ்’, ‘லாபி’ ஆகியவையும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. எளிய குடிலின் பெயர் இத்தாலிய நகரங்களில் பெருமைமிக்க பொதுக் கட்டடங்களுக்கு உரியதாயிற்று. பிளாரன்ஸில் 1376 முதல் 1382 வரை கட்டப்பட்ட லோஜியா டெய் லான்ஸி, சதுக்கத்தை நோக்கிய மூன்று அகன்ற வளைவுகளோடு, நகராட்சியின் பொதுச் சடங்குகளுக்காகவே எழுந்தது.

ஆனால் இவ்வடிவத்தின் அழகை உணர, அதே நகரில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1419இல் தொடங்கிய குழந்தைகள் காப்பகத்தின் முகப்பையே நான் பரிந்துரைப்பேன். அங்கே மெல்லிய தூண்களின் உயரமும், தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியும், தூணிலிருந்து பின்சுவர் வரையுள்ள ஆழமும் ஒரே அளவின. ஆகவே ஒவ்வொரு வளைவின் பின்னும் கனசதுரமான ஒரு வெளி உருவாகி, அதன்மேல் சிறு குவிமாடக் கூரை அமர்கிறது. அலங்காரம் மிகக் குறைவு, கணக்கே அழகாகிறது.

உங்கள் வீட்டிலும் ஆழமே முக்கியம். ஆழம் குறைந்தால் நாற்காலி போட்டு உட்கார இயலாது. மிகுந்தால் பின்னறை இருண்டுவிடும். கீழே அறை இருப்பின், தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்பும் வெளிப்புறச் சரிவும் வடிகாலும் வரைபடத்திலேயே காட்டப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். பின்னாளில் திறந்த பக்கத்தைக் கண்ணாடியால் நிரந்தரமாக அடைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அடைத்தபின் அது லோஜியா அன்று, மற்றுமோர் அறை. காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டியிருக்கும்.