ஆளியின் சினைப் பருவமும் நீரின் சூடும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் விளையும் கிழக்கத்திய ஆளி (உண்ணும் சிப்பி வகை) பற்றி வந்த கேள்விகள்.

எந்த மாதம் முட்டை விடும் சார்?

பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு. தொட்ட அன்றே விடாது. இலையுதிர் காலத்தில் சேர்த்துவைத்த கிளைக்கோஜனை (உடலில் சேமித்த மாவுச்சத்து) கரைத்துத்தான் சினை பிடிக்கும். அதற்கு வாரக்கணக்கில் இளஞ்சூடு வேண்டும். ஏப்ரல், மே குளிர்ந்தே கிடந்தால் எல்லாம் தள்ளிப்போகும்.

ஜூலையில் வாங்கிய ஆளியைத் திறந்தால் பால் மாதிரி கசிகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை, சினை முற்றியிருக்கிறது. விட்டு முடித்ததும் சதை வற்றி, கண்ணாடி போலத் தெரியும், ருசியும் சப்பென்றிருக்கும். கோடையில் பயப்பட வேண்டியது வெதுவெதுப்பான நீரில் பெருகும் விப்ரியோ பாக்டீரியாவுக்கு. வேகவைத்தே சாப்பிடுங்கள்.

கோடையிலும் கொழுத்த ஆளி கிடைக்கிறதே?

அது மும்மடியம். குரோமோசோம் மூன்று தொகுதி இருப்பதால் சினை சரியாகப் பிடிக்காது, சதை வற்றாது.

குஞ்சு பொரிப்பகத்தில் மார்ச்சிலேயே முட்டை விட வைக்கலாமா?

வைக்கலாம். 4 முதல் 6 வாரம் நீரை மெல்ல 20 டிகிரிக்கு ஏற்றி, பாசித் தீவனத்தைத் தாராளமாகக் கொடுங்கள். சூட்டை ஏற்றித் தீவனத்தில் கஞ்சத்தனம் காட்டினால், பிடித்த சினையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சினை முற்றியதும் நீரை 28 டிகிரிக்கு உயர்த்தி அரை மணி, பிறகு 20, மறுபடி 28. அசையாவிட்டால் ஓர் ஆணைக் கீறி, விந்தைத் துளித்துளியாக நீரில் கலந்து பாருங்கள். ஆண் மெல்லிய பால் கோடாக விடும். பெண் ஓட்டைப் பட்பட்டென்று மூடித் திறந்து, ரவை போலப் பீய்ச்சும். கண்டதும் தனித்தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

கருவுற்ற முட்டைகள் பாதியிலேயே சிதைகின்றன. ஏன்?

விந்து அதிகம். ஒரே முட்டைக்குள் பல நுழைந்தால் கரு ஒழுங்காகப் பிளக்காது. நுண்ணோக்கியில் முட்டையைச் சுற்றி 5 முதல் 10 தெரிந்தால் போதும்.

நம் ஊரில் நீர் எப்போதும் சூடுதானே, இங்குள்ள ஆளி ஆண்டு முழுக்க முட்டை விடுமா?

சினையோடு சில எப்போதும் இருக்கும். ஆனால் தமிழகம், கேரளக் கழிமுகங்களில் பருவத்தை அதிகம் தீர்மானிப்பது உப்பின் அளவு. மழை வெள்ளம் வந்து உப்பு இறங்குவதையும், பிறகு ஏறுவதையும் கவனியுங்கள்.