கல்லில் மிஞ்சிய கையெழுத்து

கேள்வி: ஜூலை மாதம் அமெரிக்காவின் ஓமஹாவில் இருக்கும் மகன் வீட்டுக்குச் செல்கிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய ஒரு குழுவுக்குத் தலைமையேற்றுச் சென்ற லூயிஸ், கிளார்க் இருவரின் மிசௌரி ஆற்றுப் பயண நினைவிடங்களைப் பார்க்க ஆசை. ஆனால், போய்வந்த நண்பரோ, "எல்லாம் புதிதாகக் கட்டியவைதான்" என்கிறார். அது உண்மையா? – வாசகர், கும்பகோணம்.

பதில்: பெரும்பாலும் உண்மைதான். 1804 மே 14 அன்று மிசௌரி ஆற்றில் படகேறி, பசிபிக் கரை வரை சென்று, 1806 செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிஸ் திரும்பிய அந்தக் குழுவினர் வழியில் கட்டியவை மரக்கோட்டைகளே. வடக்கு டகோட்டாவில் அவர்கள் முதல் குளிர்காலத்தைக் கழித்த மாண்டன் கோட்டை, திரும்பி வருவதற்குள்ளேயே பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. அது நின்ற இடத்தையும் பின்னர் ஆறு கொண்டுபோய்விட்டது. இப்போது வாஷ்பர்ன் ஊரருகே காட்டப்படுவது மாதிரிக் கோட்டை. ஒரிகானிலுள்ள கிளாட்சாப் கோட்டையின் கதை இன்னும் வேடிக்கை: 1955இல் கட்டிய மாதிரியே 2005இல் தீக்கிரையாக, இன்று நிற்பது மாதிரிக்கு மாதிரி. ஆயினும் 33 பேர் ஒரு மழைக்காலம் முழுவதும் ஐம்பதடிச் சதுரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்ததை உள்ளே நின்று பார்த்தால்தான் உணர முடியும் என்பதால், அதை நான் ஒதுக்கமாட்டேன்.

அசலைத்தான் காண வேண்டுமென்றால் மொன்டானாவில், பில்லிங்ஸ் நகருக்குக் கிழக்கே, யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் நிற்கும் 'பாம்பீஸ் பில்லர்' என்னும் மணற்பாறைக்குச் செல்லுங்கள். திரும்பும் வழியில் கிளார்க் அதில் தம் பெயரையும் 1806 ஜூலை 25 என்ற தேதியையும் செதுக்கினார். பயணப் பாதையில் அக்குழுவினர் விட்டுச்சென்று இன்றும் கண்ணால் காணக்கூடிய ஒரே தடயமாக அதைச் சொல்வார்கள். வழித்துணையாக வந்த ஷோஷோனிப் பெண் சக்ககாவியாவின் ஒன்றரை வயது மகனைக் கிளார்க் செல்லமாக 'பாம்ப்' என்று அழைப்பார்; அந்தப் பெயரே பாறைக்கு வாய்த்தது. படியேறிப் போனால் கண்ணாடிக்குள் எழுத்துகள் தெரியும். சுற்றிலும் பின்னாளில் வந்தவர்கள் கிறுக்கிய பெயர்கள்; நம் ஊர்க் கோட்டைச் சுவர்கள் நினைவுக்கு வரும். கிளார்க்குக்கு முன்பே அப்பகுதிப் பழங்குடியினர் அங்கே விலங்குருவங்களைச் செதுக்கியிருந்ததை அவரே குறித்திருக்கிறார்.

ஓமஹாவிலிருந்து அங்கே போக இரண்டு நாள் கார்ப் பயணம் ஆகும். அவ்வளவு முடியாதென்றால், ஒரே நாளில் போய்வரக்கூடிய சூ சிட்டி போதும். பயணத்தில் உயிரிழந்த ஒரே ஒருவரான சார்ஜென்ட் சார்லஸ் ஃபிளாய்டுக்கு 1901இல் எழுப்பிய நூறடிக் கல்தூண் அங்கே மேட்டில் நிற்கிறது. 1857இல் ஆறு கரையை அரித்து அவருடைய கல்லறையைத் திறந்துவிட்டதால், எலும்புகளை மேலும் உள்தள்ளிப் புதைக்க நேர்ந்தது. மாண்டன் கோட்டை நின்ற இடத்தை விழுங்கிய அதே மிசௌரி தூணடியில் நின்றால் கீழே தெரியும்.