301, 302, தொலைந்த பக்கங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீடைரக்ட் பற்றியவை, அதாவது ஒரு முகவரிக்கு வருபவரை வேறு முகவரிக்கு அனுப்புவது (301 என்றால் நிரந்தரமாக, 302 என்றால் தற்காலிகமாக). எல்லாரும் ஒரே நேரத்தில் ஹோஸ்டிங் மாற்றுகிறீர்கள் போலிருக்கிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பில் ரீரைட் ரூல் (முகவரியை மாற்றும் விதி) எழுதினேன். வேலை செய்யவில்லை. மிக அவசரம், உடனே பதில் தரவும்.

எந்த சர்வர்? என்ன ரூல்? எந்த முகவரியைத் தட்டினீர்கள், என்ன வந்தது? நான்கில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. மளிகைக் கடைக்குப் போய் "ஒரு கிலோ கொடுங்க" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதைக் கட்டுவார்?

சரி, சர்வர் மென்பொருள் அப்பாச்சி என்று வைத்துக்கொள்கிறேன். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தக் கோப்பின் முதல் வரியில் வாய்க்கு வந்ததைத் தட்டிச் சேமியுங்கள். தளம் 500 பிழை காட்டினால் சர்வர் கோப்பைப் படிக்கிறது, கோளாறு உங்கள் ரூலில். தளம் ஒன்றும் நடக்காதது போல ஓடினால், கோப்பையே அது திறக்கவில்லை. 2.4 பதிப்பிலிருந்து, இந்தக் கோப்பைப் படிக்க அனுமதிக்கும் அலவ்ஓவர்ரைடு (AllowOverride) அமைப்பு இயல்பாகவே 'நன்' (None) என்றுதான் இருக்கிறது. சர்வர் கட்டமைப்பில் அதை மாற்ற வேண்டும், அல்லது ஹோஸ்டிங்காரரைக் கேட்க வேண்டும். தட்டிய உளறலை அழிக்க மறக்காதீர்கள்.

கோப்பு படிக்கப்படுகிறது என்றால் என் இரண்டாவது சந்தேகம் முன்சாய்கோடு. விர்ச்சுவல் ஹோஸ்டுக்குள் (சர்வர் கட்டமைப்பில் உங்கள் தளத்துக்கான பகுதி) எழுதும்போது ^/நூல்கள்/ என்று தொடங்கலாம். எச்டிஆக்சஸுக்குள் அந்த முதல் கோட்டை அப்பாச்சி ஏற்கெனவே உரித்துவிட்டுத்தான் ரூலிடம் தருகிறது. அங்கே ^நூல்கள்/ என்று எழுத வேண்டும். எங்கிருந்தோ காப்பியடித்த ரூல்களில் பாதி இங்கேதான் விழுகின்றன.

கேள்வி: தவறுதலாக ஒரு 301 போட்டுவிட்டேன். ரூலை நீக்கி நாள் மூன்றாகிறது. இன்னும் பழையபடியே வேறு பக்கத்துக்குப் போகிறது. சர்வரில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது?

சர்வரில் இல்லை, உங்கள் பிரவுசரில். 301 என்றால் நிரந்தரம். பிரவுசர் அதை நம்பிக் கேஷில் வைத்துக்கொள்கிறது, மறுபடி சர்வரைக் கேட்பதே இல்லை. கர்ல் கட்டளையில் பெரிய 'ஐ' போட்டு (curl -I) ஹெடரை மட்டும் வாங்கிப் பாருங்கள். லொகேஷன் வரி இல்லாமல் 200 வந்தால் உங்கள் பக்கம் சரியாகிவிட்டது.

உங்கள் கேஷை நீங்கள் அழித்துக்கொள்ளலாம். அந்த மூன்று நாளுக்குள் வந்துபோனவர்களின் கேஷை யார் அழிப்பது? உங்கள் கை அங்கே எட்டாது. ஒரே வழி, தவறாகப் போய்ச் சேருகிற அந்த முகவரியிலேயே சரியான பக்கத்துக்கு இன்னொரு ரீடைரக்ட் வைப்பது. சரியான பக்கமே அந்தப் பழைய முகவரிதான் என்றால் இதுவும் நடக்காது, சுற்றத் தொடங்கிவிடும்.

நானும் பட்டவன்தான். நண்பர் கடையின் தளத்தில் ஒரு சாயங்காலம் "பராமரிப்பு நடக்கிறது" பக்கத்துக்கு 301 போட்டேன். இரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் கழித்தும் அவருடைய வாடிக்கையாளர்கள் "இன்னுமா பராமரிப்பு?" என்று போன் செய்துகொண்டிருந்தார்கள். அதிலிருந்து எனக்கு ஒரே விதி: முதலில் 302. எல்லாம் சரியாக ஓடி ஒரு வாரம் ஆன பிறகு 301.

கேள்வி: டபிள்யூடபிள்யூடபிள்யூ வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

எது வேண்டுமானாலும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை ஒரே தாவலில் அங்கே அனுப்புங்கள். முதலில் எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒரு தாவல், பிறகு டபிள்யூக்களுக்கு ஒன்று, கடைசிச் சாய்கோட்டுக்கு ஒன்று என்று படி ஏற்ற வேண்டாம்.

கேள்வி: வேர்ட்பிரஸில் தமிழ்க் கட்டுரைத் தளம் நடத்துகிறேன். தலைப்பு நீளமானால் முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது. பழைய தமிழ் முகவரிகளை ரீடைரக்ட் செய்ய, சதவீதக் குறிகளோடு காப்பி செய்து ரூலில் ஒட்டினாலும் பொருந்தவில்லை.

கேட்க வேண்டிய விதத்தில் கேட்டிருக்கிறீர்கள். கோப்பையும் இணைத்திருக்கிறீர்கள். நன்றி.

வெட்டுக்கான காரணம் கணக்குதான். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிகிறது. ஆக, ஒரு குறிக்கு 9 இடம். நாம் ஒரு எழுத்தாக எண்ணும் 'கி' கணினிக்கு இரண்டு குறி, 18 இடம். 'திருவள்ளுவர்' நமக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு குறி, முகவரியில் 108 இடம். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு (முகவரியில் தலைப்பிலிருந்து வரும் பகுதி) ஒதுக்கியிருப்பது 200 இடம். இரண்டு திருவள்ளுவரை அடுத்தடுத்து வைத்தாலே இடம் போதாது. அதுவும் குறியை எண்ணி வெட்டுவதால், கடைசி எழுத்தின் புள்ளியோ கொம்போ தனியாகக் கழன்றுவிடும். உங்கள் முகவரி ஒன்று 'தமிழ' என்று மொட்டையாக நிற்பது அப்படித்தான். தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும், ஸ்லக்கைக் கையால் இரண்டு சின்னச் சொல்லாகச் சுருக்குங்கள். தமிழை விட்டுவிட வேண்டியதில்லை.

அடுத்தது ரூல். அப்பாச்சி முகவரியின் சதவீதக் குறிகளை மறுபடி எழுத்தாக்கிப் படித்த பிறகுதான் ரீரைட் ரூலோடு ஒப்பிடுகிறது. ரூலின் இடப்பக்கத்தில் சதவீதக் குறிகள் எதற்கும் பொருந்தாது. நேராகத் தமிழிலேயே எழுதுங்கள், கோப்பை யூடிஎஃப்-8இல், பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் சில எடிட்டர்கள் சேர்க்கும் மறைகுறி) இல்லாமல் சேமியுங்கள். வலப்பக்கத்திலும் தமிழிலேயே எழுதினால் அனுப்பும்போது அதுவே விரித்துக்கொள்ளும். அங்கே சதவீதத்தை ஒட்டினால் இன்னொரு வம்பு உண்டு. 'க' விரியும்போது கடைசித் துண்டு %95. ரூலின் வலப்பக்கத்தில் %9 என்றால் "மேலே உள்ள நிபந்தனையில் பிடித்த ஒன்பதாவது துண்டு" என்று பொருள். அப்படி ஒன்று இல்லாததால் வெறும் 5 மட்டும் மிஞ்சும். மிச்சமிருக்கும் சதவீதக் குறிகளையும் அது மறுபடி %25 ஆக்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு பொருந்தாவிட்டால் 'கொ', 'கோ', 'கௌ' வகை எழுத்துகளைப் பாருங்கள். முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் குறியும் தனித்தனியாகவும் வரலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், பைட்டில் வேறு. பழைய தட்டச்சுக் கருவிகளில் அடித்த கட்டுரைகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிளவுட்ஃபிளேர் (வாசகருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் சேவை) போட்ட நாளிலிருந்து "அளவுக்கு மீறிய ரீடைரக்ட்" என்று குரோம் நிற்கிறது.

எஸ்எஸ்எல் அமைப்பு 'ஃபிளெக்ஸிபிள்' என்று இருக்கும், பாருங்கள். அதில் வாசகருக்கும் கிளவுட்ஃபிளேருக்கும் நடுவில் எச்டிடிபிஎஸ், அங்கிருந்து உங்கள் சர்வருக்கு வெறும் எச்டிடிபி. உங்கள் ரூல் "எச்டிடிபியில் வந்திருக்கிறாய், போய் எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்கிறது. வாசகர் ஏற்கெனவே அதில்தான் நிற்கிறார். 20 முறை சுற்றிவிட்டு குரோம் கைவிடுகிறது. சர்வரிலேயே ஒரு சான்றிதழ் போட்டுவிட்டு (லெட்ஸ் என்கிரிப்ட் இலவசம்தான்) 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' வையுங்கள்.

கேள்வி: தளத்தைப் புதிதாக வடிவமைத்தோம். பழைய பக்கங்கள் 800 இருந்தன. வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்துவிட்டார், 404 (பக்கம் இல்லை என்ற பதில்) வராது என்றார். ஆனால் கூகுளில் வரத்து சரிந்துவிட்டது. இது சரியான முறைதானா?

இல்லை. ஒருவர் உங்கள் தளத்தில் 'மோட்டார் காயில் கட்டும் முறை' பக்கத்தைத் தேடி வருகிறார். நீங்கள் அவரை வாசலில் நிறுத்தி, நகரும் படங்களையும் "எங்களைப் பற்றி"யையும் காட்டுகிறீர்கள். அந்தப் பக்கம் இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது. 404 வந்திருந்தாலாவது "இல்லை போலும்" என்று வேறு இடம் பார்த்திருப்பார். கூகுளும் ஏமாறுவதில்லை. சம்பந்தமில்லாத முகப்புக்கு மொத்தமாக அனுப்பினால் அதை 'சாஃப்ட் 404' என்றே எடுத்துக்கொள்கிறது. 404 வரக் கூடாது என்று செய்த வேலைக்கு 404தான் பலன்.

ஒரு கல்வி நிறுவனத்தின் பாடத்திட்டக் கோப்பு ஒன்றின் முகவரியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். போன வருடம் தட்டினால் முகப்பு. உள்ளே தேடினால், கோப்பு புதிய தளத்திலேயே இருக்கிறது, வேறு ஃபோல்டரில்! அரை மணி நேரம் எடுத்தது எனக்கு. ஒரே ஒரு வரி ரீடைரக்ட் போட்டிருந்தால் முடிந்திருக்கும். புத்தகங்களில் அச்சான முகவரிகள், சுற்றறிக்கையில் போன முகவரிகள் எல்லாம் இப்படித்தான் செத்துப்போகின்றன. புது வடிவமைப்புக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். பழைய முகவரிகளுக்கு இரண்டு நாள் ஒதுக்கக் கேட்டால் "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்கிறார்கள். யார் பார்க்கிறார்கள் என்று சர்வர் லாகில் இருக்கிறது, திறந்து பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் வடிவமைப்பாளர் அதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் எரர்டாக்குமெண்ட் 404 (404 வந்தால் எதைக் காட்டுவது என்று சொல்லும்) வரியில் முகப்பின் முழு முகவரியை எழுதியிருப்பார். முழு முகவரி கொடுத்தால் அப்பாச்சி 404 சொல்லாது, 302 சொல்லி அனுப்பிவிடும். அதை எடுத்துவிட்டு உள்ளூர்ப் பாதையில் ஒரு உருப்படியான 404 பக்கம் வையுங்கள், தேடல் பெட்டியோடு.

பிறகு ஒரு எக்செல் தாள், இரண்டு நெடுவரிசை: பழையது, புதியது. பழைய முகவரிகளை லாகிலிருந்தும் பழைய சைட்மேப்பிலிருந்தும் எடுங்கள். வரத்தில் பெரும்பகுதி நூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும், அவற்றை முதலில் முடியுங்கள். உங்கள் சர்வர் கட்டமைப்பைத் தொட அனுமதி இருந்தால் ரீரைட்மேப் (பழையது-புதியது பட்டியலைப் பார்த்து அனுப்பும் வசதி) போடுங்கள், தாளையே உரைக் கோப்பாக ஏற்றிவிடலாம். அதை எச்டிஆக்சஸில் அறிவிக்க முடியாது. ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் பக்கத்துக்கொரு ரீடைரக்ட் வரி. ஒன்று கவனம்: ரீடைரக்ட் வரி முன்பகுதியை மட்டும் பார்க்கும். /நூல்கள் என்று எழுதினால் /நூல்கள்/12உம் அதிலேயே மாட்டும். அது மட்டும்தான் வேண்டுமென்றால் ரீடைரக்ட்மேட்ச் எடுத்து, முதலில் ^ குறியும் கடைசியில் டாலர் குறியும் போட்டு மூடுங்கள்.

உண்மையிலேயே ஒழித்துவிட்ட பக்கங்களுக்கு 410 (இனி இல்லை என்ற பதில்). மாற்றியவற்றுக்கு முதலில் 302, பார்த்துவிட்டு 301. குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள் என்பது கூகுளின் சொல். நான் எடுப்பதே இல்லை.

கேள்வி: ஐடி 25 என்று கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை ரூலில் எழுதினால் பொருந்தவே மாட்டேன் என்கிறது.

ரீரைட் ரூலுக்குக் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது தெரியாது. அதற்கு மேலே ரீரைட்காண்ட் (நிபந்தனை வரி) போட்டுக் குவெரி ஸ்ட்ரிங்கை, அதாவது கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை, பிடியுங்கள். இரு பக்கமும் கட்டுங்கள் (முன்னால் ^, பின்னால் $), இல்லாவிட்டால் 250உம் அதில் விழும். பழைய வால் புது முகவரியிலும் ஒட்டிக்கொண்டு வரும், ரூலின் கடைசியில் கியூஎஸ்டி (QSD) கொடி போட்டால் அதை நறுக்கும். புது முகவரியை உள்ளே மறுபடி பழைய நிரலுக்கே ரீரைட் செய்கிறீர்கள் என்றால், அந்த ரூலில் 'இத்தோடு நிறுத்து' என்னும் எல் (L) கொடி போதாது. எச்டிஆக்சஸ் மறுபடி முதலிலிருந்து ஓடும், சுற்றல்தான். எண்ட் (END) கொடி போடுங்கள்.

கேள்வி: படிவம் நிரப்பி அனுப்பினால் விவரங்கள் காணாமல் போகின்றன. முகவரி மாற்றிய பிறகுதான் இப்படி.

301இல் பிரவுசர்கள் போஸ்டை (விவரம் அனுப்பும் முறை) கெட் (பக்கம் மட்டும் கேட்கும் முறை) ஆக மாற்றிவிடும், விவரம் வழியில் விழுந்துவிடும். 308 மாற்றாது. அதைவிட, படிவத்தில் உள்ள முகவரியையே திருத்துங்கள்.

கேள்வி: அப்பாச்சியை விட்டு என்ஜின்எக்ஸ் சர்வருக்கு மாறினேன். எச்டிஆக்சஸ் கோப்பை எந்த ஃபோல்டரில் போட வேண்டும்?

எந்த ஃபோல்டரிலும் வேண்டாம், அது படிக்காது. ரீடைரக்ட்களை சர்வர் பிளாக்கில் ரிட்டர்ன் 301 என்று எழுதுங்கள், அதாவது முதலில் 302.