கணினி கேள்வி பதில்: 21-இல் சறுக்கும் ஃபேக்டோரியல்

கேள்வி: பாலிடெக்னிக் பாடத்துக்காக ஜாவாவில் ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) கணக்கிடுகிறேன். 20 வரை சரியாக வருகிறது. 21 கொடுத்தால் விடை மைனஸில் வருகிறதே, ஏன்?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் லூப்பில் பிழையில்லை, பாத்திரம்தான் சிறியது. முழு எண்ணை வைக்கும் 'லாங்' வகைக்கு 64 பிட்தான். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 9,223,372,036,854,775,807. 21-க்கு வரவேண்டியதோ 51,090,942,171,709,440,000. மேலே வழியும் பிட்டுகள் வெட்டுப்பட்டு, குறியைச் சொல்லும் பிட்டில் 1 விழுந்துவிடுகிறது. அதனால்தான் -4,249,290,049,419,214,848 என்று காட்டுகிறது. ஜாவா இதற்கு எச்சரிக்கைகூடக் கொடுக்காது, அதுதான் வம்பு.

தசம எண்களுக்கான 'டபுள்' வகைப் பக்கம் போய்விடாதீர்கள். 9,007,199,254,740,992-ஐத் தாண்டினால் அது எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்திருக்காது. அடுத்த எண்ணையே தவறவிடும்.

மிகப் பெரிய முழு எண்களுக்காக ஜாவாவிலேயே இருக்கும் 'பிக்இன்டீஜர்' எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க மதிப்பு 'பிக்இன்டீஜர்.ஒன்', அதாவது 1. லூப்பின் எண்ணை 'வேல்யூஆஃப்' மூலம் பிக்இன்டீஜராக மாற்றி, 'மல்டிப்ளை' செய்யுங்கள். இங்கே பலரும் வழுக்குவார்கள்: பிக்இன்டீஜர் தன் மதிப்பை மாற்றிக்கொள்ளாது, புதிய எண்ணைத்தான் திருப்பித் தரும். அதை மறுபடி அதே மாறியில் போடாவிட்டால் கடைசிவரை 1 என்றே நிற்கும். இரண்டு விடைகளை ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறி (==) வேண்டாம், 'ஈக்வல்ஸ்' போடுங்கள்.

பைத்தானில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே முழு எண் தானாகவே வளரும்.