மூன்று மருத்துவர்கள், மூன்று யோசனைகள்: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த, ஹெர்-2 பாசிடிவ் வகை மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு சிகிச்சை எடுத்தவர். சில வாரங்களாகத் தலைவலி, காலையில் வாந்தி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையில் மூன்று இடங்களில் பரவியிருப்பது தெரிந்தது. ஒருவர் அறுவை சிகிச்சை என்கிறார், இன்னொருவர் கதிர்வீச்சு போதும் என்கிறார், பழைய மருத்துவரோ புதிய மாத்திரை இருக்கிறது என்கிறார். குழம்பிப்போயிருக்கிறோம். - ஒரு வாசகி, பெரம்பூர்.

பதில்: மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மூவரும் தனித்தனி அறையில் இருந்து சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் நினைவிலிருந்து ஒப்பிப்பவர் நீங்கள். அந்த வேலை உங்களுடையதல்ல.

பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் டியூமர் போர்டு என்ற கூட்டம் நடக்கும். நரம்பியல் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்துச் சிகிச்சை நிபுணர், ஸ்கேன் நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் எல்லோரும் ஒரே படத்தைத் திரையில் வைத்துப் பேசுவார்கள். அம்மா போக வேண்டியதில்லை, எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த குறுவட்டும் பழைய பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையும் போனால் போதும். ஃபிலிமைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புவதால் பயனில்லை.

அங்கே எடைபோடுவது இதைத்தான்: ஏதேனும் ஒரு கட்டி பெரிதாகி மூளையை அழுத்தினால் அறுவை சிகிச்சை, பிறகு எடுத்த இடத்துக்குக் கதிர்வீச்சு. சிறியவற்றுக்கு, கத்தியில்லாமல் கட்டியை மட்டும் குறிவைக்கும் கதிர்வீச்சான ரேடியோசர்ஜரி, ஒன்று முதல் ஐந்து அமர்வுகள். மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் பத்து அமர்வுகள். நினைவாற்றலைப் பாதிக்கக்கூடியது என்பதால் மூன்றே கட்டிகளுக்கு அது ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். ஹெர்-2 வகைக்கு மூளைக்குள்ளும் வேலை செய்யும் டுகாட்டினிப் போன்ற மாத்திரைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் தலைவலியும் வாந்தியும் இருக்கும்போது மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வதும் முறையல்ல.

முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதைவிட முக்கியம், பொறுப்பான மருத்துவர் ஒருவரின் பெயர். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையே பாருங்கள். வார்டில் ஒருவர் எழுதுவார். எப்போது குறைப்பது என்பதை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொரு துறையும் நினைக்கும். இதற்கிடையே சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், தொடை தளர்ந்து நாற்காலியிலிருந்து எழவே சிரமப்படுவார். பயந்துபோய் வீட்டில் சட்டென்று நிறுத்தினால் அது இன்னும் ஆபத்து. அளவைக் குறைக்கும் அட்டவணையைத் தேதியுடன் கேட்டு வாங்குங்கள். தூக்கம் கெடாமலிருக்க, இந்த மருந்தின் இரண்டாம் வேளை மாத்திரை மதியத்தோடு முடியட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எது அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே விசாரியுங்கள். வலி நிவாரணப் பிரிவையும் இப்போதே சந்தியுங்கள்; அது கடைசி நாட்களுக்கு மட்டுமானது என்று நம் ஊரில் ஒரு தவறான எண்ணம்.

சிகிச்சைக்குப் பிறகு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. இருக்கும். ரேடியோசர்ஜரி செய்த இடம் சில மாதம் கழித்து வீங்கி, கட்டி மறுபடி வளர்ந்ததுபோலத் தோன்றலாம். பழைய படங்களோடு ஒப்பிட்டு அதே குழு பார்க்காமல் அடுத்த சிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

வலிப்பு, ஒரு பக்கம் பலமிழத்தல், எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.