பிளேட்லெட் 38,000-க்கு இறங்கியும் ஏன் ஏற்றவில்லை?

கேள்வி: என் 19 வயது மகனுக்கு டெங்கு. ஐந்தாம் நாளான நேற்று காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிளேட்லெட் 38,000-தான் இருக்கிறது. ரத்தக்கசிவு எதுவும் இல்லை. ‘ஏற்ற வேண்டாம், தானாக ஏறிவிடும்’ என்கிறார் மருத்துவர். அது எப்படித் தானாக ஏறும்? பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா?

பதில்: மருத்துவர் ‘தானாக’ என்று சொன்னது எலும்பு மஜ்ஜையை நம்பித்தான். அங்கே மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல்கள் இருக்கின்றன. மற்ற செல்களைப் போல இரண்டாகப் பிரியாமல், உள்ளே மரபணுத் தொகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு ஊதிப் பெரிதாகும். பிறகு நீண்ட கைகளை ரத்தநாளத்துக்குள் நீட்டும். ஓடும் ரத்தம் அந்தக் கைகளைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போகும். அந்தத் துண்டுகள்தான் பிளேட்லெட். ஒரு செல்லிலிருந்து ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 7 முதல் 10 நாள்தான் ஆயுள்.

எண்ணிக்கை குறைந்ததை மஜ்ஜை எப்படித் தெரிந்துகொள்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கல்லீரல் த்ராம்போபொய்டின் என்ற ஹார்மோனை ஏறக்குறைய ஒரே அளவில் சுரந்துகொண்டே இருக்கும். பிளேட்லெட்டுகள் அதைப் பிடித்துத் தின்றுவிடும். அவை குறைந்தால் தின்ன ஆள் இல்லை. மிஞ்சிய ஹார்மோன் மஜ்ஜைக்குப் போய் வேலையை முடுக்கிவிடும். ஆனால் புது மெகாகேரியோசைட் முதிர ஐந்து நாள் போல ஆகும். டெங்கு வைரஸ் முதலில் மஜ்ஜையை மந்தமாக்கும், அப்புறம் உடலின் எதிர்ப்பணுக்களே பிளேட்லெட்டை அழிக்கும். வெளியிலிருந்து ஏற்றினாலும் அதற்கும் அதே கதிதான், அதனால்தான் ரத்தக்கசிவு இல்லாதபோது 38,000-க்கு ஏற்றுவதில்லை.

இப்போது கவலைப்பட வேண்டியது வேறு. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்களில்தான் ரத்தநாளங்களிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பு மலம், கைகால் சில்லிடுதல், அதிக சோர்வு, சிறுநீர் குறைதல் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட்டைப் பார்ப்பதோடு, ஹீமேட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; நீர் கசிந்தால் இது கூடும்) ஏறுகிறதா என்றும் கேளுங்கள்.

பப்பாளிச் சாற்றைப் பற்றிச் சில சிறிய ஆய்வுகள் நல்லதாகச் சொன்னாலும் உறுதியான ஆதாரம் போதாது. குமட்டும் பையனுக்கு அந்தக் கசப்பைத் திணித்து வாந்தி எடுக்க வைப்பதைவிட, கஞ்சியும் ஓஆர்எஸ் கரைசலும் மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் பக்கம் போகவே வேண்டாம்.