பூகம்பத்துக்கு முன்னாடி மின்காந்த சிக்னல் வருமாமே, அதை வச்சு முன்கூட்டியே சொல்லிட முடியாதா?

உங்க ஃபேமிலி குரூப்லயும் யாரோ "காம்பஸ் ஆடுது, ரெண்டு நாள்ல பூகம்பம்"னு வீடியோ போட்டிருக்காங்கன்னு நினைக்கிறேன். நான் சயின்டிஸ்ட் கிடையாது, கமெண்ட்ல வந்து டிகிரி கேக்காதீங்க. காந்தப்புலம் அளக்குற ஒரு ஸ்டேஷன்ல கான்ட்ராக்ட் டெக்னீஷியனா இருந்தவன். சென்சாரை புதைக்கிறது, பேட்டரி மாத்துறது, டேட்டா இறக்குறது இதான் நம்ம வேலை.

பாறைல கரண்ட் வரும்ங்கிறது பொய் இல்லைங்க. குவார்ட்ஸ் இருக்குற பாறையை அழுத்தினா மின்னழுத்தம் வரும், பாறை இடுக்குல தண்ணி நகர்ந்தாலும் வரும், லேப்ல காட்டிடலாம். ஆனா பல கிலோமீட்டர் ஆழத்துல இருந்து மேல வர்றதுக்குள்ள பூமியே அதை முழுங்கிடும், 1 ஹெர்ட்ஸுக்கும் கீழ ரொம்ப மெதுவா ஆடுற அலை மட்டும்தான் ஓரளவு தப்பிச்சு வரும். அந்த ரேஞ்ச்லதான் உலகத்துல இருக்குற அத்தனை குப்பையும் வந்து உக்காரும், சூரியனால வர்ற காந்தப் புயல்ல இருந்து கரண்டுல ஓடுற ரயில் வரைக்கும். பம்பாய் கொலாபால இருந்த ஆப்சர்வேட்டரியோட காந்தப் பதிவை 1904லயே அலிபாக்குக்கு மாத்தினதுக்கு காரணமே ஊருக்குள்ள எலக்ட்ரிக் டிராம் வரப்போகுதுங்கிறதுதான்.

எங்க ஸ்டேஷன்ல ஒரு தடவை கிராஃப் திடீர்னு தூக்கிடுச்சு. கொஞ்ச நாள்ல எங்கயோ தள்ளி ஒரு சின்ன நிலநடுக்கம் வேற. மேல இருந்தவருக்கு தலைகால் புரியல, ஆய்வுக் கட்டுரையே போட்டுடலாம்னு குதிக்கிறார். நான் அந்த டேட்டாவை எடுத்து நேரத்தை மட்டும் பார்த்தேன், மும்முனை கரண்ட் விடுற நேரத்துக்கு கரெக்டா ஆரம்பிக்குது, கரண்ட் போனதும் அடங்குது! பக்கத்து காட்டுக்காரர் புதுசா போர் போட்டு மோட்டார் இறக்கியிருக்கார், வேலிக்கு அந்தப் பக்கம் இரும்பு கேசிங் பைப் வேற அடுக்கி வச்சிருக்கார், கருவி வழக்கமா காட்டுற அளவே (பேஸ்லைன்) நகர்ந்துடுச்சு. போய் சொன்னா "உனக்கு என்னய்யா தெரியும்"னுட்டாங்க. 11 மாச கான்ட்ராக்ட், நடுவுல பிரேக், மறுபடி 11 மாசம், டிஏ பில்லுக்கு ஒவ்வொரு டேபிளா அலையணும், இப்படி இருக்குறவன் பேச்சை எவன் கேப்பான். அந்த பில்லு இன்னும் பாஸ் ஆகல, அது வேற கதை.

இந்த விஷயத்துல எல்லாரும் தூக்கிக் காட்டுறது கலிஃபோர்னியால வந்த லோமா ப்ரீட்டா பூகம்பம். 1989 அக்டோபர் 17, அளவு 6.9. மையத்துல இருந்து சுமார் 7 கிலோமீட்டர்ல, கொராலிடோஸ்ங்கிற இடத்துல ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆன்டனி ஃப்ரேசர்-ஸ்மித்தோட கருவி ஓடிட்டிருந்தது. சில நாள் முன்னாடியே சிக்னல் ஏற ஆரம்பிச்சு கடைசி 3 மணி நேரத்துல எகிறிடுச்சுன்னு 1990ல ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. எனக்கே படிச்சப்ப புல்லரிச்சது. ஆனா 2009ல தாமஸ், லவ், ஜான்ஸ்டன்னு மூணு பேர் வேற ஆப்சர்வேட்டரி பதிவுகளோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு, அது கருவிக் கோளாறா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு எழுதினாங்க. அங்க இருந்தது ஒத்தைக் கருவி, செக் பண்ண பக்கத்துல இன்னொண்ணு இல்ல. அதே கலிஃபோர்னியால பார்க்ஃபீல்ட்ல கருவியா நட்டு வச்சு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க, 2004 செப்டம்பர் 28ல 6.0 வந்துச்சு, முன்னாடி நம்பற மாதிரி ஒரு மின்காந்த சிக்னலும் சிக்கல.

உடனே கிரீஸ்ல வரோட்சோஸ் குழு தரைல வர்ற மின் சிக்னலை வச்சு முன்கூட்டியே சொல்றோம்னு பண்ணலையா, இந்த மாதிரி சிக்னலைத் தேட பிரான்ஸ் டெமெட்டர் சாட்டிலைட் 2004ல விடலையான்னு சண்டைக்கு வராதீங்க. டெமெட்டர் டேட்டால ஆயிரக்கணக்கான நடுக்கங்களை மொத்தமா சேர்த்துப் பார்த்தா, ராத்திரில நடுக்கத்துக்கு சில மணி நேரம் முன்னாடி 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அலையோட பலம் லேசா குறையுதுன்னு நிஜமாவே பேப்பர் இருக்கு. அது சராசரிங்க. அதை வச்சு நாளைக்கு எந்த ஊர்னு எப்படி சொல்லுவீங்க? நடுக்கம் வந்தப்புறம் பழைய கிராஃபைத் தோண்டுறவங்க, அதே மாதிரி மேடு எத்தனை தடவை வந்து ஒண்ணுமே ஆகலைன்னு எண்ணிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

ஜப்பான்ல போன் கத்துதேன்னு கேப்பீங்க. 2007ல இருந்து மக்களுக்குக் கொடுக்குற அந்த அலாரம் நடுக்கம் ஆரம்பிச்ச பிறகு அடிக்கிறது. முதல்ல வர்ற பி அலையைப் பிடிச்சு, பெருசா ஆட்டுற அலை வர்றதுக்குள்ள சொல்லிடுறாங்க, கிடைக்கிறது சில செகண்ட்தான். காம்பஸ் ஆப் ஆடுச்சுன்னா முதல்ல போன் கவர்ல காந்தம் இருக்கான்னு பாருங்க.